இன்பிட்வீனரின் நாற்காலி: இருபரிமாண அனிமேஷன் மென்பொருள்கள் வளர்ந்த கதை

கேள்வி இது: முப்பரிமாண அனிமேஷன் திரையரங்குகளைப் பிடித்து முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் இருபரிமாண அனிமேஷனுக்கென்று இத்தனை மென்பொருள்கள் ஏன் இருக்கின்றன? அவை எப்படி வளர்ந்தன, இன்று யாருக்குப் பயன்படுகின்றன? கூடவே, பிளஸ் டூ முடித்த மகள் இதைக் கற்க ஆசைப்படுகிறாள், வீட்டில் எட்டு ஜிபி ரேம் உள்ள மடிக்கணினிதான் இருக்கிறது, அது போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மடிக்கணினி போதும். மற்ற பதில் நீளமானது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது படம் வரைபவனாக இல்லை, வண்ணம் நிரப்புபவனாக. சென்னையில் வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வேலை செய்துகொடுத்த ஒரு ஸ்டுடியோவில், ஸ்கேனருக்கு அடுத்த மேசை என்னுடையது. நடுவில் ஒரு வட்டத் துளையும் இரு பக்கமும் நீள்சதுரத் துளைகளும் குத்திய தாள்கள் கட்டுக்கட்டாக வரும். ஸ்கேனரில் ஒட்டியிருக்கும் பட்டையின் முளைகளில் அந்தத் துளைகளை மாட்டினால்தான் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடம் பிசகாது. ஸ்கேன் ஆனதும் பென்சில் கோடு திரையில் கருங்கோடாக வந்து நிற்கும். கதாபாத்திரத்துக்குரிய வண்ணப் பட்டியலைத் திறந்து முகத்தில் ஒரு சொடுக்கு, சட்டையில் ஒரு சொடுக்கு என்று நிரப்பிக்கொண்டே போக வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வரைந்தவர் முழங்கை மடிப்பில் மயிரிழை இடைவெளி விட்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தோல் நிறத்தை ஊற்றினால் அந்த ஓட்டை வழியாக ஒழுகி, இமைக்கும் நேரத்தில் வானம் முழுக்கத் தோல் நிறமாகிவிடும். திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஓட்டை எங்கே என்று தேடுவதிலேயே என் முதல் ஆண்டு கழிந்தது. பிறகு, இத்தனை பிக்சலுக்கு உட்பட்ட இடைவெளியை அடைபட்டதாகவே எடுத்துக்கொள் என்று மென்பொருளிடமே சொல்லிவிடும் வசதி எங்கள் அறைக்கு வந்தது. பட்டியலில் ஒரு சின்ன எண்ணாக இருந்த அந்த வசதி, ஓர் அறை முழுக்க உட்கார்ந்து ஓட்டை தேடியவர்களின் வேலையைச் சாப்பிட்டுவிட்டது. அவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் அசைவின் முக்கிய நிலைகளான கீ படங்களை வரையும் பக்கம் நகர்ந்தேன்.

இந்தத் துறையின் வரலாற்றைப் பெயர், ஆண்டு, பதிப்பு எண் என்று அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. ஒவ்வொரு மென்பொருளும் ஸ்டுடியோவில் யாரோ ஒருவருடைய நாற்காலியைக் காலி செய்யப் பிறந்தது. யாருடைய நாற்காலி என்று கேட்டால், அந்த மென்பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால் நொடிக்கு 12 படம். 22 நிமிடத் தொடரில் ஒரே ஒரு பாத்திரம் ஓயாமல் அசைகிறது என்று வைத்துக்கொண்டாலும் 15,840 படங்கள். இதில் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் தலைமை அனிமேட்டர் வரைவார். அவை கீ படங்கள். ஒரு கீ படத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியை வரைபவர் இன்பிட்வீனர். அதன் பிறகு கோட்டைச் சுத்தமாக்க ஒருவர், செல் எனப்படும் ஒளிபுகும் தாளில் அதை மையால் படியெடுக்க ஒருவர், தாளைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் பூச ஒருவர், கேமராவுக்கு அடியில் ஃபிரேம் ஃபிரேமாக வைத்துப் படம்பிடிக்க ஒருவர். கணினி வருவதற்கு முன்பே ஒரு நாற்காலி போய்விட்டது. பென்சில் கோட்டை நேராகச் செல் தாளில் நகலெடுக்கும் ஜெராக்ஸ் முறையை டிஸ்னியில் அப் ஐவர்க்ஸ் கொண்டுவந்தார். 1961இல் டால்மேஷன் நாய்களின் படம் வெளிவர முடிந்தது அதனால்தான். அத்தனை நாய்களின் அத்தனை புள்ளிகளுக்கும் கையால் மை போட வேண்டியிருந்தால் ஸ்டுடியோவையே விற்றிருக்க வேண்டும்.

கணினிக்காரர்கள் வந்ததும் எடுத்த எடுப்பிலேயே கை வைத்தது மிகக் கடினமான நாற்காலியில்: இன்பிட்வீனருடையதில். 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட், ஒளிப் பேனாவால் திரையில் கோடு போடும் ஸ்கெட்ச்பேடைச் செய்து காட்டியிருந்தார். திரையில் வரையலாம் என்றால், இரண்டு படங்களுக்கு நடுவே உள்ளதை இயந்திரமே கணக்கிட்டு வரையலாமே? கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் என்ற இருவர் 1970களின் தொடக்கத்தில் இதைச் செய்தார்கள். முதல் படத்தில் உள்ள கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டாம் படத்தில் ஒரு ஜோடிப் புள்ளி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சம பங்காகப் பிரித்தால் இடைப்படங்கள் கிடைத்துவிடும். அந்த இயந்திரத்தைக் கொண்டு ஹங்கேரியில் பிறந்த ஓவியர் பீட்டர் ஃபோல்டெஸ் 1974இல் 'பசி' என்ற பொருள்படும் பெயரில் பதினோரு நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். ஒரு மனிதன் தின்கிறான், இன்னும் தின்கிறான், உடல் பெருத்து உருமாறி, கடைசியில் பசித்தவர்களின் கூட்டம் அவனைத் தின்கிறது. கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது.

அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் வயிற்றைப் பிசையும். காரணம் பாதி ஓவியம், பாதி மென்பொருளின் குறை. இயந்திரம் போடும் இடைப்படங்களுக்கு எடை கிடையாது. நாற்காலி மனிதனாக வழுக்கி மாறுகிறது, முகம் இன்னொரு முகமாகக் கரைகிறது, எதுவும் தரையில் கால் ஊன்றுவதில்லை. வேறு எந்தக் கதைக்கும் அது பிழையாகத் தெரிந்திருக்கும். அடங்காத பசி பற்றிய கெட்ட கனவுக்கு அதுதான் சரியான அசைவு. தன் கருவிக்கு எது வராது என்று தெரிந்து, வராததையே படத்தின் சுபாவமாக்கிக்கொண்டார் ஃபோல்டெஸ். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் சாமர்த்தியம் இது.

அதே காலத்தில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் எட் கேட்மல் 'ட்வீன்' என்ற நிரலை எழுதினார். சில ஆண்டுகள் மோதிப் பார்த்துவிட்டு, கணினி உதவியுடன் செய்யும் அனிமேஷனின் சிக்கல்கள் என்ன என்று 1978இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரத்தை ஒரு தலையை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு தாளில் வலப்பக்கம் பார்க்கும் முகம். இன்னொரு தாளில் இடப்பக்கம் பார்க்கும் முகம். முதல் படத்தில் ஒரு காது தெரிகிறது. இரண்டாவதில் தெரிவதும் ஒரு காதுதான், ஆனால் அது வேறு காது. இயந்திரத்துக்கு இரண்டும் வளைகோடு. ஆகவே ஒரே காதை முகத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகும். மூக்கு நேர்க்கோட்டில் வழுக்கி, நடுவழியில் மூக்கே இல்லாத ஒரு தட்டையான அப்பம் மிஞ்சும். மனித இன்பிட்வீனர் இதைச் செய்யமாட்டார். தாளில் இருப்பது ஓர் உருண்டையான தலையின் நிழல் என்று அவருக்குத் தெரியும். அந்த உருண்டை தாளில் இல்லை, வரைபவரின் மனதில் இருக்கிறது. தாளை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு அது எப்படித் தெரியும்? கேட்மல் இதைக் கண்டுகொண்டு என்ன செய்தார் என்பது ஊரறிந்த கதை. உருண்டையையே கணினிக்குள் வைத்துவிடும் வழிக்குப் போனார். பிக்ஸாரை நிறுவியவர்களில் ஒருவரானார். இருபரிமாணத்தின் முடிச்சைத் துல்லியமாகப் புரிந்துகொண்ட மனிதர் முப்பரிமாணத்துக்குப் போய்விட்டார். முடிச்சு நம்மிடமே நின்றுவிட்டது.

வண்ணம் பூசும் நாற்காலி அத்தனை பிடிவாதம் பிடிக்கவில்லை. மூடிய கோட்டுக்குள் நிறத்தை ஊற்ற உலக ஞானம் தேவையில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவாய் உருவாக்கிய முறையை ஹன்னா-பார்பெரா 1980களில் தன் தொடர்களுக்கு எடுத்துக்கொண்டது. டிஸ்னி, பிக்ஸாருடன் சேர்ந்து கேப்ஸ் என்ற அமைப்பைக் கட்டியது. 1989இல் கடற்கன்னிப் படத்தின் கடைசியில் வரும் வானவில் காட்சியில் அதைச் சோதித்தார்கள். 1990இல் வந்த 'ரெஸ்க்யூயர்ஸ் டௌன் அண்டர்' முழுக்க அதிலேயே தயாரானது. தூரிகையால் பூசிய ஒரு செல் தாள்கூட அந்தப் படத்தில் இல்லை. கேப்ஸ் வண்ணக்காரர்களோடு கேமராக்காரரின் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. முன்னால் மரம், நடுவில் குடிசை, பின்னால் மலை என்று கண்ணாடித் தட்டுகளை அடுக்கி, அவற்றை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பெற்ற ஆழத்தை லேயர்களாகக் கணினியிலேயே பெற முடிந்தது.

பிறகு எல்லோரும் இதே வேலைக்கு மென்பொருள்களோடு வந்தார்கள். பிரிட்டனில் அனிமோ, கனடாவில் 1994இல் தொடங்கிய டூன் பூம், பிரான்சில் டிவிபெயின்ட், ஜப்பானில் ரீடாஸ். இத்தாலியில் பிறந்த டூன்ஸ் மென்பொருளை ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ 1997இல் வந்த 'மோனோனோகே' படத்தின் ஒரு பகுதிக்குப் பயன்படுத்தியது. (திருவனந்தபுரத்தில் அதே பெயரில் உள்ள ஸ்டுடியோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, நேர்முகத் தேர்வுகளில் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன்.) ஆனாலும் ஜப்பானில் 'சாசாயே-சான்' என்ற குடும்பத் தொடர் மட்டும் 2013 வரைக்கும் செல் தாளில் தூரிகையால் வண்ணம் பூசிக்கொண்டிருந்தது. வாராவாரம் ஒளிபரப்பாகும் தொடர்! பழைய முறையால் ஓட்ட முடியாது என்று யாராவது அடித்துச் சொன்னால் இதை நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக் கணினிகளின் பக்கம் இன்னொரு கிளை ஓடியது. அமிகா கணினியில் டீலக்ஸ் பெயின்ட், பிசியில் 1989இல் வந்த ஆட்டோடெஸ்க் அனிமேட்டர். பிந்தையதை எழுதியவர் ஜிம் கென்ட். 320-க்கு 200 புள்ளி, 256 நிறம், அவ்வளவுதான் திரை. பல ஆண்டுகள் கழித்து உயிரியல் படிக்கப் போன கென்ட், மனித மரபணுத் தொகுதியின் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நிரலை 2000இல் ஒரே மாதத்தில் எழுதி முடித்தார். மேலே சொன்ன லெவாயோ பின்னாளில் கைபேசிக் கேமராக்கள் இருட்டிலும் படமெடுக்க வழி செய்தவர்களில் ஒருவர். கார்ட்டூனுக்கு நிரல் எழுதியவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள்.

அடுத்தது ஃபிளாஷ். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் தலைமுறைக்குச் சோறு போட்டது அது. ஜோனதன் கே என்ற நிரலாளர் பேனாக் கணினிகளுக்காக ஒரு வரைபட மென்பொருள் எழுதினார். பேனாக் கணினி விற்கவில்லை. அதையே இணையத்துக்கு ஏற்றபடி மாற்றி, 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்று வெளியிட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கிப் பெயரை ஃபிளாஷ் என்று சுருக்கியது. அது காலி செய்தது யாருடைய நாற்காலி? ஒளிபரப்பாளருடையது. அன்று தொலைபேசி வழி இணையத்தின் உச்ச வேகம் 56 கிலோபிட். 100 கிலோபைட் கோப்பு இறங்கச் சுமார் கால் நிமிடம். அந்த அளவில் வீடியோ என்பது நடக்காத காரியம். ஃபிளாஷ் புள்ளிகளை அனுப்பவில்லை. இந்த வளைகோடு இங்கே தொடங்கி அங்கே முடிகிறது, உள்ளே இந்த நிறம் என்ற குறிப்பை மட்டும் அனுப்பியது. ஒரு கையை ஒருமுறை வரைந்து சிம்பலாக வைத்துக்கொண்டால் நூறு இடத்தில் பயன்படுத்தலாம். கோப்பில் ஒருமுறைதான் ஏறும். பிரௌசிங் சென்டரில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள்கூடப் பொறுமை இழக்காமல் ஒரு கார்ட்டூனைப் பார்த்து முடித்தார்கள்.

இன்னொரு புறம், தனி ஒருவர் முழுநீளப் படம் எடுக்கலாம் என்பதும் அதனால் நடந்தது. நினா பேலி என்ற அமெரிக்க ஓவியர் 2008இல் வெளியிட்ட 'சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்' ராமாயணத்தைச் சீதையின் பக்கமிருந்து சொல்கிறது. அனிமேஷன் ஏறக்குறைய முழுவதையும் அவரே தன் கணினியில் செய்தார். இடையிடையே தோன்றி, கதை எப்படிப் போகும் என்று தங்களுக்குள் விவாதிக்கும் நிழற்பாவைகள்தான் அதில் எனக்குப் பிடித்தவை.

ஃபிளாஷின் முடிவும் தெரிந்ததே. ஐபோனில் அதற்கு இடமில்லை என்று 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை, மேக்ரோமீடியாவைப் பின்னாளில் வாங்கிய அடோபி நிறுத்தியது. வரையும் மென்பொருள் மட்டும் 2016இல் அடோபி அனிமேட் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. நாங்கள் செய்த நூற்றுக்கணக்கான இணைய வாழ்த்து அட்டைகள் இன்று எந்த உலாவியிலும் நேரடியாகத் திறக்காது. அவற்றில் பெரும்பாலானவை திறக்காமல் இருப்பதே நல்லது என்பது வேறு விஷயம்.

ஃபிளாஷ் பழக்கிய 'ஒருமுறை வரை, பலமுறை அசை' என்ற முறைக்குத் தொழிலில் கட்-அவுட் என்று பெயர். அதைப் புரியவைக்க எனக்குத் தோல்பாவைக்கூத்தைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. பதப்படுத்திய ஆட்டுத் தோலில் உருவம் வெட்டி, தோளிலும் முழங்கையிலும் நூலால் மூட்டுப் போட்டு, குச்சியால் அசைப்பார்கள். டூன் பூம் ஹார்மனி, மோஹோ என்ற மென்பொருள்களில் நடப்பது அதுவேதான். குச்சிக்குப் பதில் எலும்பு என்று பெயர், நூல் முடிச்சுக்குப் பதில் பிவட். கூடுதலாக, இந்தத் தோல் வளையும். முழங்கையில் மடிப்பு தெரியாமல் ஓவியத்தையே நெளிக்கலாம். இன்று தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் இருபரிமாணத் தொடர்களில் கணிசமானவை இந்த முறையில் வருபவை. இன்பிட்வீனரின் நாற்காலியைக் கடைசியில் காலி செய்தது இதுதான், அதுவும் குறுக்கு வழியில்: படத்தையே மூட்டுப் போட்ட பொம்மையாக்கிவிட்டால் நடுவே வரைய எதுவும் இல்லை. ஆனால் பொம்மை தலை திருப்பினால்? மீண்டும் கேட்மல் சொன்ன முடிச்சு. வலம், நேர், இடம், நடுவே சில நிலைகள் என்று மனிதர் உட்கார்ந்து தலையை வரைந்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. 'சவுத் பார்க்' தொடரின் முதல் பகுதியை நிஜ வண்ணக் காகிதத்தை வெட்டி எடுத்தார்கள். பிறகு அதே காகிதத் தோற்றத்தைக் கணினியில் கொண்டுவர, முப்பரிமாணத்துக்கென்று எழுதிய மாயா போன்ற கனமான மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். எலி பிடிக்க யானையைக் கூப்பிட்டது போல. எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளுக்குள் கிரீஸ் பென்சில் என்ற வரைகருவி வளர்ந்து, 2019இல் வந்த ஒரு பிரெஞ்சு முழுநீளப் படத்துக்கே பயன்பட்டது. அதே ஆண்டின் 'கிளாஸ்' படத்தில், கையால் வரைந்த பாத்திரங்களின் மீது ஒளியும் நிழலும் உருண்டு விழுவதுபோல் வண்ணம் தீட்டத் தனிக் கருவியே செய்தார்கள். பார்த்தவர்கள் பலர் அதை முப்பரிமாணம் என்றே நினைத்தார்கள்.

பயன்பாடு எங்கே என்று கேட்டால் எல்லோரும் சினிமா, தொடர், விளம்பரம் என்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கைபேசியை எடுங்கள். பணம் அனுப்பியதும் ஒரு வட்டம் சுழன்று டிக் விழுகிறதே, அது போன்ற அசைவுகளில் பல லாட்டி என்ற வடிவத்தில் வருபவை. அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவு மென்பொருளில் செய்ததை வெறும் எண்களும் சொற்களுமாக எழுதிவைத்து, கைபேசியையே வரையச் சொல்லும் முறை இது. ஃபிளாஷ் செய்த அதே தந்திரம், வேறு வேடத்தில். ஏர்பிஎன்பி நிறுவனம் 2017இல் வெளியிட்டது. 1926இலேயே கறுப்புக் காகிதத்தை வெட்டி முழுநீள நிழலுருவப் படம் எடுத்த ஜெர்மன் பெண்மணி லாட்டே ரைனிகரின் நினைவாக இந்தப் பெயரை வைத்தார்கள். டெலிகிராமின் அசையும் ஸ்டிக்கர்களும் இதே வழித்தோன்றல்கள். மூன்று நொடி, 64 கிலோபைட்டுக்கு மேல் கூடாது. அந்தச் சிறைக்குள் ஒரு பூனையைச் சிரிக்க வைக்கப் பழகியவருக்கு வேலை கிடைக்கும்.

விளையாட்டுகளில் ஸ்பைன் போன்ற எலும்பு முறை மென்பொருள்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் படமாக வைத்தால் கைபேசி நினைவகம் தாங்காது. உறுப்புகளை ஒருமுறை ஏற்றி அசைவை எண்ணாக வைத்தால் தாங்கும். ஜப்பானின் லைவ்2டி ஒரே ஓவியத்தைத் துண்டுகளாக்கி, கேமரா முன் உட்கார்ந்திருப்பவரின் முகபாவத்துக்கேற்ப அசைக்கிறது. முகம் காட்டாமல் நேரலை செய்பவர்களின் உலகமே அதில் ஓடுகிறது. கணிதம் கற்பிக்க மானிம் இருக்கிறது. கிராண்ட் சாண்டர்சன் தன் கணிதக் காணொளிகளுக்காகப் பைத்தான் நிரல்மொழியில் எழுதியது. அதில் யாரும் எதையும் வரைவதில்லை, சமன்பாட்டை எழுதினால் வளைகோடு தானாக நகரும். பள்ளிக் குழந்தைகளுக்கு எம்ஐடியின் ஸ்கிராட்ச். அதில் பூனையை நடக்கவைத்த குழந்தை, தன்னை அறியாமல் கீ படத்தையும் கற்றுக்கொள்கிறது.

தமிழில் வேலை செய்பவருக்கென்று இரண்டு தலைவலிகள் உண்டு. மகளுக்கு இவற்றை இப்போதே சொல்லிவையுங்கள், வேறு எங்கும் சொல்லித்தரமாட்டார்கள்.

ஒன்று எழுத்து. ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் குதித்து வரும் எஃபெக்ட் ஒரு சொடுக்கில் கிடைக்கும். ஒரு பண்டிகை விளம்பரத்தில் 'பொங்கல்' என்ற சொல்லுக்கு அதைப் போட்டுவிட்டு அவசரத்தில் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். மென்பொருள் பகரத்தையும் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாக எண்ணிவிட்டது. கொம்பு ஒரு பக்கமிருந்தும் கால் மறுபக்கமிருந்தும் வந்தன. லகரத்தின் புள்ளி எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாகக் குதித்து வந்து உட்கார்ந்தது. வாடிக்கையாளர் முதலில் அதை நகைச்சுவை என்று நினைத்தார், பிறகு நினைக்கவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அமைப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வு இருக்கிறது. முதல் வேலையாக அதைப் போட்டுவிட வேண்டும். அப்போதும் எழுத்தெழுத்தாக அசைக்க வேண்டுமென்றால், சொல்லை வரிவடிவமாக மாற்றி, 'பொ' முழுவதையும் ஒரு லேயராகக் கையால் கட்டுவதே என் வழக்கம்.

இரண்டாவது வாயசைவு. வசனத்துக்கேற்ப வாய் வடிவங்களைத் தானாகப் போடும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளை மனதில் வைத்தவை. ருபார்ப் என்ற இலவசக் கருவியில் மற்ற மொழிகளுக்கென்று ஒரு பொதுவான வழி இருக்கிறது, சுமாராக ஒத்துவரும். சறுக்குவது இரட்டிப்பில். 'சபை' என்று சொல்லும்போது உதடுகள் பட்டும் படாமல் பிரிகின்றன, ஒன்றிரண்டு ஃபிரேம் போதும். 'சப்பை' என்று சொல்லிப் பாருங்கள். உதடுகள் மூடி, அழுந்தி, ஒரு கணம் நின்று திறக்கின்றன. நொடிக்கு 24 ஃபிரேமில் அந்த மூடலுக்கு நான்கு ஃபிரேமாவது கொடுக்க வேண்டும். 'அம்மா', 'அப்பா', 'இப்போது' எல்லாம் இப்படித்தான். இரண்டு ஃபிரேமில் விட்டுவிட்டால், நல்ல தமிழில் குரல் கொடுத்திருந்தாலும் படம் மொழிமாற்றுப் படம்போலத் தெரியும். மொழிமாற்றிய தொடர்களைப் பார்த்துப் பழகிய நம் குழந்தைகளுக்கு அது உறுத்துவதில்லை. எனக்கு உறுத்துகிறது.

செயற்கை நுண்ணறிவு எல்லா நாற்காலிகளையும் எடுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது தரும் காணொளி பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் கோடும் லேயரும் எலும்பும் இல்லை, புள்ளிகள்தான் இருக்கின்றன. கை கொஞ்சம் மேலே போகட்டும் என்று இயக்குநர் சொன்னால் கையை மட்டும் பிடித்துத் தூக்க முடியாது. இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது சிங்கப்பூரின் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்த காகானி போன்றவை. இரண்டு கீ படங்களிலும் எந்தக் கோடு எந்தக் கோட்டுக்கு ஜோடி என்பது தெளிவானால், நடுப்படங்களை அது போட்டுத்தரும். தவறினால் கோட்டைப் பிடித்து நகர்த்தலாம். கனடாவில் பர்ட்னிக்கும் வைனும் தொடங்கிய அதே வேலை, அரை நூற்றாண்டு கழித்தும் நடக்கிறது.

சரி, மகளுக்கு வருவோம். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பென்சில்2டி இலவசம், ஒரு காலைப் பொழுதில் பழகிவிடலாம். படம் வரையும் கை இருந்தால் கிரிட்டா. 2016 முதல் அதில் அனிமேஷன் வசதி இருக்கிறது. ஜிப்லி தன் தேவைக்கேற்பத் திருத்திவைத்திருந்த டூன்ஸ் 2016இல் ஓபன்டூன்ஸ் என்று இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. முகப்பைப் பார்த்தால் ரயில்வே சிக்னல் அறை மாதிரி இருக்கும். மிரள வேண்டாம், ஆனால் முதல் மாதத்தில் அதைத் தொடவும் வேண்டாம். வேலைக்குப் போகும் நேரத்தில் ஹார்மனியும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் கேட்பார்கள். அடிப்படை தெரிந்தவருக்கு அவை சில மாதப் பழக்கம். மவுஸில் வரையப் பழகாதீர்கள், சின்னதாக ஒரு பேனா டேப்லெட் வாங்கிக் கொடுங்கள். செலவு என்றால் அது ஒன்றுதான்.

முதல் பயிற்சியாகப் பந்து குதிப்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைச் செய்யட்டும். இரண்டாவதாக, ஒரு தலை வலமிருந்து இடம் திரும்புவதை ஐந்து படங்களில் வரையச் சொல்லுங்கள். நடுப்படத்தில் மூக்கு கன்னத்துக்கு மேலா கீழா, எந்தக் காது எப்போது மறைகிறது, திரும்பும்போது முகவாய் சற்றே தாழ்கிறதா என்பதைக் கண்ணாடியில் தன் தலையையே திருப்பிப் பார்த்து வரையட்டும். அது முடிந்ததும், முதல் படத்தையும் ஐந்தாம் படத்தையும் மட்டும் சின்ஃபிக் என்ற இலவச மென்பொருளில் கொடுத்து, நடுவே உள்ள மூன்றையும் அதையே போடச் சொல்லுங்கள். இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கட்டும்.